ஒரே நாடு, இரண்டு சட்டப் புத்தகம்: ஹாங்காங்கிலும் சீனாவிலும் தொழில் செய்ய முழுமையான வழிகாட்டி

லோ வூ ரயில் நிலையத்தில் இறங்கி, ஹாங்காங் குடியேற்ற வரிசையைக் கடந்தால் ஒரு மூடிய நடைபாலம் வரும். கீழே ஓடுவது ஷென்ஜென் ஆறு. ஆறு என்று பெயர்தான், அகலத்தைப் பார்த்தால் நம்மூர்ப் பெரிய வாய்க்கால் போல இருக்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நடந்தால் எதிர்ப்பக்கம் சீன அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பார். வெளியே வந்ததும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். பையில் இருக்கும் ஹாங்காங் டாலரை நீட்டினால் கடைக்காரர் யோசிப்பார். ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் திறக்காது. ஆனால் இரண்டு கரையிலும் பறப்பது ஒரே கொடி.

பர்மா பஜாருக்கும் ரிச்சி தெருவுக்கும் குவாங்சோவிலிருந்து சரக்கு எடுப்பவர்கள், கவுலூனில் ரத்தினக்கல் வியாபாரம் செய்யும் காயல்பட்டினத்துக்காரர்கள், ஷென்ஜென் தொழிற்சாலையில் மின்னணுப் பொருள் செய்து வாங்கும் கோவை நிறுவனங்கள் என்று இந்த ஆற்றோடு நமக்குக் கணக்கு வழக்கு உண்டு. பலருக்கும் இரண்டும் "சீனா"தான். அந்த நினைப்பில்தான் பணம் மாட்டுகிறது. கையில் வரும் ஒவ்வொரு காகிதத்தையும் "இது ஆற்றுக்கு எந்தக் கரை?" என்று கேட்டுவிட்டுத்தான் நான் படிக்கவே ஆரம்பிப்பேன். அந்தக் கேள்வியை ஒவ்வொரு கட்டத்திலும் எப்படிக் கேட்பது என்பதுதான் இனி வருவது.

படி 1: அடித்தளத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

1984-இல் பிரிட்டனும் சீனாவும் கூட்டுப் பிரகடனம் செய்தன. 1990-இல் சீன தேசிய மக்கள் காங்கிரஸ் ஹாங்காங்குக்கான அடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1997 ஜூலை 1-இல் ஆட்சி கைமாறியபோது அது நடைமுறைக்கு வந்தது. முதலாளித்துவ முறையும் வாழ்க்கை முறையும் 50 ஆண்டுகளுக்கு மாறாது என்று அதன் 5-ஆம் பிரிவு சொல்கிறது.

வியாபாரிக்கு வேண்டிய பிரிவுகள் சிலவே. 8-ஆம் பிரிவு ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைத் தொடர வைக்கிறது. 18-ஆம் பிரிவின்படி, மூன்றாம் இணைப்பில் சேர்க்கப்பட்ட தேசியச் சட்டங்கள் மட்டுமே ஹாங்காங்கில் செல்லும். சீன நிறுவனச் சட்டமோ வரிச் சட்டமோ தொழிலாளர் சட்டமோ அந்தப் பட்டியலில் இல்லை. 106, 108 பிரிவுகளின்படி ஹாங்காங் தன் வரியைத் தானே விதித்து, தானே வைத்துக்கொள்கிறது, பெய்ஜிங்குக்குக் கட்டுவதில்லை. 112-இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கிடையாது. 116-இல் அது தனிச் சுங்கப் பிரதேசம். ஹாங்காங்கிலிருந்து ஷென்ஜென்னுக்கு ஒரு லாரி சரக்கு போனால் சுங்கக் கணக்கில் அது இறக்குமதிதான்.

கோடு எவ்வளவு கறாரானது என்று பார்க்க வேண்டுமானால் மேற்குக் கவுலூன் அதிவேக ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். 2018 செப்டம்பரில் திறந்த அந்த நிலையம் ஹாங்காங் நகரின் நடுவே இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு பகுதி சீன எல்லைச் சோதனைப் பகுதியாக வரையறுக்கப்பட்டு, அங்கே பெரும்பாலான விஷயங்களில் சீனச் சட்டமே செல்லும். ஒரே கட்டடத்தில் நாலு அடி தள்ளி நின்றால் சட்டம் மாறிவிடும்.

படி 2: நீங்கள் பேசுவது யாரோடு என்று கண்டுபிடியுங்கள்

அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தொழிற்சாலை சீனக் கரையில் டோங்குவான் நகரில் இருக்கும். பேசும் பெண்மணி வீசாட் செயலியில் அருமையாகப் பதில் சொல்வார். கடைசியில் வரும் புரோஃபார்மா இன்வாய்ஸில் பணம் அனுப்ப வேண்டிய கணக்கு ஹாங்காங் வங்கியில், வேறொரு பெயரில் உள்ள "லிமிடெட்" நிறுவனத்துடையதாக இருக்கும். இது உடனே மோசடி என்று ஆகிவிடாது. சீனாவில் செலாவணிக் கட்டுப்பாடு இருப்பதால் டாலரை ஹாங்காங்கில் வாங்கி வைத்துக்கொள்வது பல தொழிற்சாலைகளின் வழக்கம். சிக்கல் என்னவென்றால், நீங்கள் பணம் கொடுத்தது ஒரு நிறுவனத்துக்கு, சரக்கு செய்து தர வேண்டியது இன்னொரு நிறுவனம். சரக்கு சரியில்லை என்று வழக்குப் போடப் போனால் தொழிற்சாலை, "இவரிடம் நாங்கள் ஒரு யுவான்கூட வாங்கவில்லையே" என்று கையை விரிக்கும். ஹாங்காங் நிறுவனத்தைப் பிடித்தால் அதன் சொத்து ஒரு காலிக் கணக்கும் ஒரு தபால் முகவரியும்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு திருப்பூர்க்காரர் தையல் இயந்திர உதிரிபாகத்துக்கு இப்படித்தான் முன்பணம் அனுப்பினார். ஒப்பந்தத்தில் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர் மட்டும் இருந்தது. சீனாவில் பதிவான நிறுவனத்துக்குச் சட்டப்படி சீனப் பெயர் ஒன்றுதான்; ஆங்கிலப் பெயர் அவர்களாக வைத்துக்கொண்ட அலங்காரம். அந்தப் பெயரில் அங்கே எந்த நிறுவனமும் இல்லை என்பது வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆகவே இரண்டு சோதனை. சீன நிறுவனம் என்றால் தொழில் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் சீன எழுத்தில் முழுப் பெயரும், 18 இலக்க ஒருங்கிணைந்த சமூகக் கடன் குறியீடும் (பெயர்தான் அப்படி, அது நிறுவனத்தின் அடையாள எண்), சட்டப் பிரதிநிதியின் (நிறுவனத்தின் சார்பில் செயல்படும் அதிகாரம் பெற்றவர்) பெயரும், அனுமதிக்கப்பட்ட தொழில் எல்லையும் இருக்கும். அரசின் தேசிய நிறுவனத் தகவல் தளத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம். ஹாங்காங் நிறுவனம் என்றால் நிறுவனப் பதிவகத்தின் இணையத் தேடலில் பெயர் போட்டுத் தேடலாம். அங்கே ஆங்கிலப் பெயருக்கும் சட்ட மதிப்பு உண்டு. 2023 டிசம்பர் 27 முதல் வணிகப் பதிவுச் சான்றிதழ் எண்ணே நிறுவனத்தின் தனி அடையாள எண்ணாகிவிட்டது. சிறு கட்டணம் கட்டினால் இயக்குநர், பங்குதாரர் விவரமும் கிடைக்கும்.

இரண்டு நிறுவனமும் சேர்ந்து கையொப்பமிடும் முத்தரப்பு ஒப்பந்தம் போடுங்கள். "இந்த ஹாங்காங் நிறுவனத்துக்குச் செலுத்தும் பணம் எனக்குச் செலுத்தியதாகும்" என்று தொழிற்சாலை எழுதித் தர வேண்டும். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. அப்புறம், பேரம் முடிந்து பணம் அனுப்பும் நேரத்தில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், தொலைபேசியில் குரல் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

படி 3: கையெழுத்தா, முத்திரையா?

ஹாங்காங்கில் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. அதிகாரமுள்ள இயக்குநர் கையெழுத்திட்டால் நிறுவனம் கட்டுப்படும். 2014 மார்ச்சில் புதிய நிறுவனச் சட்டம் வந்தபின் பொது முத்திரை வைத்திருப்பதே விருப்பம்தான். "சார்பாக" என்று அச்சிட்ட நீல ரப்பர் ஸ்டாம்ப் எல்லா இன்வாய்ஸிலும் இருக்கும். எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் செய்து வாங்கலாம்.

ஆற்றைத் தாண்டினால் கதை தலைகீழ். அங்கே வட்டமான சிவப்பு முத்திரை, நடுவில் ஐந்துமுனை நட்சத்திரம், சுற்றிலும் வளைவாக நிறுவனத்தின் சீனப் பெயர். போலீஸில் பதிவு செய்த முத்திரை அது. ஒப்பந்தத்தில் மேலாளர் எவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், இந்தச் சிவப்பு வட்டம் இல்லாவிட்டால் பின்னால் வழக்கு மன்றத்தில் நீங்கள் நிறைய விளக்கம் சொல்ல வேண்டி வரும். கணக்குக்கு ஒன்று, விலைச்சீட்டுக்கு ஒன்று, ஒப்பந்தத்துக்கு ஒன்று, சட்டப் பிரதிநிதிக்குச் சதுர முத்திரை ஒன்று என்று தனித்தனியாகவும் உண்டு. பல பக்க ஒப்பந்தமானால் தாள்களை விசிறிபோல் விரித்து, எல்லாத் தாளின் ஓரத்திலும் ஒரு துண்டு விழும்படி குத்துவார்கள். நடுவில் தாளை மாற்றினால் வட்டம் பொருந்தாது. பார்க்க அழகான ஏற்பாடு.

முத்திரை யார் கையிலோ நிறுவனம் அவர் கையில். ஷென்ஜென்னில் உள்ள ஆர்ம் சைனா என்ற சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் 2020 ஜூனில் இயக்குநர் குழு வாக்களித்துத் தலைமை அதிகாரியை நீக்கியது. அவரோ முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டப் பிரதிநிதியாகவும் இருந்ததால் நகரவே இல்லை. பதிவேட்டில் பெயர் மாறி விவகாரம் முடிய 2022 ஏப்ரல் ஆனது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தப் பாடு. நீங்கள் சீனாவில் நிறுவனம் தொடங்கினால், சட்டப் பிரதிநிதி யார், முத்திரை எந்தப் பெட்டியில், சாவி யாரிடம் என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். நம்பிக்கையான மேலாளர் என்று அப்படியே ஒப்படைத்துவிட்டுச் சென்னைக்கு விமானம் ஏறாதீர்கள்.

படி 4: நிறுவனத்தைப் பதிவு செய்வது

ஹாங்காங்கில் ஒரு பங்குதாரர், ஒரு இயக்குநர் போதும். இருவரும் ஒருவராகவே, வெளிநாட்டில் வசிப்பவராகவே இருக்கலாம். குறைந்தபட்ச முதலீடு என்று எதுவும் இல்லை. ஹாங்காங்கில் ஒரு நிறுவனச் செயலாளரும் பதிவு முகவரியும் கட்டாயம். தனி இயக்குநரே செயலாளராக இருக்க முடியாது. உரிமம் பெற்ற சேவை நிறுவனத்தை அமர்த்துவதே வழக்கம். இணையம் வழி விண்ணப்பித்தால் பதிவுச் சான்றிதழ் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடும்.

இவ்வளவு எளிதா என்று மகிழ்ந்தால், அடுத்து வங்கிக் கணக்கு. கழுத்தைப் பிடிப்பது அதுதான். யாரிடம் வாங்குகிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள், பணம் எங்கிருந்து வந்தது, ஹாங்காங் எதற்கு என்று வங்கிகள் துருவித் துருவிக் கேட்கும். பழைய இன்வாய்ஸ், ஒப்பந்தம் எல்லாம் கட்டாகக் கொண்டுபோங்கள். கணக்குத் திறக்கும் என்று உறுதியாகும் முன் பெரிய ஆர்டர் எதையும் இந்தப் புது நிறுவனத்தின் பெயரில் எடுக்க வேண்டாம்.

சீனாவில், 2020 ஜனவரி 1-இல் வந்த வெளிநாட்டு முதலீட்டுச் சட்டத்துக்குப் பிறகு முழுக்க வெளிநாட்டவருக்குச் சொந்தமான நிறுவனம் தொடங்குவது முன்பைவிட எளிது. தடைப்பட்டியலில் இல்லாத துறைகளில் உள்ளூர்க்காரருக்கு நிகரான நடத்தை. 2024 நவம்பர் 1 முதல் செல்லும் பட்டியலில் 29 இனங்கள்தான். உற்பத்தித் துறைக்கான தடைகள் முழுவதும் நீங்கிவிட்டன. ஆனால் தொழில் எல்லையை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். வர்த்தகம் என்று பதிந்துவிட்டுப் பழுதுபார்ப்பு செய்தால் விலைச்சீட்டு கொடுப்பதிலேயே தகராறு வரும். முன்பெல்லாம் பெரிய முதலீட்டுத் தொகையைப் பெருமைக்காகப் பதிந்து, 30 வருடத்தில் கட்டுகிறேன் என்பார்கள். 2024 ஜூலை 1-இல் திருத்திய நிறுவனச் சட்டம் வந்தபின், புதிதாகத் தொடங்கும் வரையறுத்த பொறுப்பு நிறுவனம் அதை 5 ஆண்டுக்குள் கட்டியே தீர வேண்டும். கட்ட முடிகிற தொகையை மட்டும் எழுதுங்கள்.

பலர் செய்வது ஹாங்காங்கில் தாய் நிறுவனம், அதன் கீழ் சீனாவில் துணை நிறுவனம். பங்கு விற்பதோ கூட்டாளியைச் சேர்ப்பதோ ஹாங்காங் மட்டத்திலேயே முடியும் என்பதால் எனக்கும் இந்த ஏற்பாடு பிடிக்கும். சீனாவோடு ஹாங்காங் 2003-இல் கையெழுத்திட்ட சீபா என்ற நெருங்கிய பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின் சலுகைகளும் உண்டு. நிபந்தனைகளை நிறைவு செய்தால், உரிமையாளர் எந்த நாட்டவர் என்று பாராமல் ஹாங்காங் நிறுவனம் அவற்றைப் பெறலாம். ஆண்டுக்கு ஒரு கொள்கலன் மட்டும் இறக்குபவருக்கு இதெல்லாம் வேண்டாத செலவு. நேராகத் தொழிற்சாலையிடம் வாங்கிக்கொண்டு போங்கள்.

படி 5: பணம் போகும் வழி

ஹாங்காங் டாலர் 1983 அக்டோபரிலிருந்து அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது, இப்போது 7.75-க்கும் 7.85-க்கும் நடுவில்தான் நகரும். உள்ளே, வெளியே எவ்வளவு பணம் போனாலும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வங்கியின் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும்.

யுவான் அப்படி இல்லை. சீனாவிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தொகைக்கும் காரணமும் காகிதமும் வேண்டும். தனி மனிதருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்பு வரைதான் எளிதாக மாற்றும் வசதி. நிறுவனத்தின் லாபத்தை எடுப்பதானால் தணிக்கை முடித்து, வரி கட்டி, லாபத்தில் 10 சதவீதத்தைச் சட்டப்படியான காப்பு நிதிக்கு ஒதுக்கி (அது பதிவு மூலதனத்தின் பாதியை எட்டும் வரை), அதன்பிறகே பங்காதாயம். லாபம் வந்ததும் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

படி 6: வரி

ஹாங்காங்கில் லாப வரி முதல் 20 லட்சம் ஹாங்காங் டாலருக்கு 8.25 சதவீதம், அதற்கு மேல் 16.5. ஜிஎஸ்டி போன்ற விற்பனை வரி இல்லை, மூலதன ஆதாய வரி இல்லை, பங்காதாயத்தில் பிடித்தம் இல்லை. மது, புகையிலை, எரிபொருள், மெத்தில் ஆல்கஹால் தவிர வேறெதற்கும் தீர்வை இல்லை. ஹாங்காங்கில் எழுந்த லாபத்துக்கே வரி. வெளியே எழுந்தது என்றால் ஒப்பந்தம் எங்கே பேசி முடித்தீர்கள் என்பது வரை நிரூபிக்க வேண்டும். வருடக் கணக்கு நம்மைப் போலவே ஏப்ரல் முதல் மார்ச். எவ்வளவு சிறிய நிறுவனமானாலும் தணிக்கை கட்டாயம் என்பதைப் பலர் மறந்துவிட்டு, முதல் வரிப் படிவம் ஏறத்தாழ 18 மாதம் கழித்து வரும்போது திகைக்கிறார்கள்.

சீனாவில் நிறுவன வருமான வரி 25 சதவீதம், அங்கீகாரம் பெற்ற உயர் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 15. மதிப்புக் கூட்டு வரி 13, 9, 6 என்று மூன்று விகிதம். தனிநபர் வரி 45 சதவீதம் வரை ஏறும். கணக்கு ஆண்டு டிசம்பர் 31-இல் முடியும். அங்கே உயிர்நாடி ஃபாபியாவ் என்கிற அரசு விலைச்சீட்டு. அது இல்லாத செலவு வரிக் கணக்கில் செலவே ஆகாது. "ஃபாபியாவ் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் துணை நிறுவனத்துக்குச் சரக்கு வாங்கினால், மிச்சம் பிடித்ததை வரியில் விடுவீர்கள்.

சீனாவிலிருந்து வெளியே போகும் பங்காதாயத்தில் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஹாங்காங் தாய் நிறுவனம் குறைந்தது 25 சதவீதப் பங்கு வைத்திருந்து, உண்மையில் அங்கே இயங்குகிற உரிமையாளர் என்று காட்டினால் 5. தபால் பெட்டி நிறுவனத்துக்கு அந்த 5 கிடைக்காது.

இந்தியா 1994-இல் சீனாவோடு இரட்டை வரி ஒப்பந்தம் செய்தது. அது ஹாங்காங்குக்குச் செல்லாது. ஹாங்காங்கோடு தனியாக 2018 மார்ச்சில் கையெழுத்தாகி, அதே ஆண்டு நவம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு முதலீடு செய்பவர்கள் 2022-ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வங்கி வழியாகப் படிவம் கொடுத்து எண் வாங்கிய பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஆண்டு அறிக்கை டிசம்பர் 31-க்குள். முடிவெல்லாம் சென்னையில்தான் எடுக்கிறீர்கள், வரவு 50 கோடிக்கு மேல் என்றால், அந்த ஹாங்காங் நிறுவனமே இந்திய வரிக்கு உட்பட்டது என்று அதிகாரி சொல்ல இடமுண்டு. ஆடிட்டரை முன்கூட்டியே பாருங்கள்.

படி 7: ஆள் வைப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன். சீனாவில் வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் எழுத்து ஒப்பந்தம் போடாவிட்டால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இருமுறை காலவரையறை ஒப்பந்தம் போட்டால் அடுத்தது நிரந்தரம். காரணமில்லாமல் நீக்கினால், வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற இழப்பீடு இரு மடங்காகும். ஹாங்காங்கில் முறைப்படி முன்னறிவிப்பு கொடுத்துப் பிரிவது எளிது. முதலாளியும் தொழிலாளியும் ஆளுக்கு 5 சதவீதம் எம்பிஎஃப் ஓய்வு நிதிக்குக் கட்ட வேண்டும்; உச்சம் மாதம் 1,500 ஹாங்காங் டாலர்.

படி 8: சண்டை வந்தால் எங்கே போவது?

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நான் முதலில் படிப்பது அதைத்தான்.

ஹாங்காங் உயர் நீதிமன்றத் தீர்ப்பை இந்தியாவில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் உள்ளூர்த் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம். ஹாங்காங் அறிவிக்கப்பட்ட பரஸ்பரப் பிரதேசம். சீனா அப்படி இல்லை. சீனத் தீர்ப்பானால் இந்தியாவில் புது வழக்குப் போட வேண்டும். சென்னை நீதிமன்றம் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும் டோங்குவான் தொழிற்சாலையிடம் அதைக் காட்டி வசூலிப்பது கனவு.

அதனால் எனக்குப் பிடித்த வழி ஆர்பிட்ரேஷன் என்கிற நடுவர் தீர்ப்பு, இடம் ஹாங்காங். 1985-இல் தொடங்கிய ஹாங்காங் சர்வதேச நடுவர் மையம் இதற்குப் பெயர்பெற்றது. அங்கே கிடைக்கும் தீர்ப்பைச் சீன நீதிமன்றங்கள் 2000-இலிருந்து நடப்பில் உள்ள ஏற்பாட்டின்படி நிறைவேற்றித் தருகின்றன. 2019 அக்டோபர் முதல் இன்னொரு வசதியும் வந்தது: வழக்கு நடக்கும்போதே எதிராளியின் சீனச் சொத்தை முடக்கும்படி அந்த ஊர் நீதிமன்றத்திடம் கேட்கலாம். எதிராளி கணக்கைக் காலி செய்துவிட்டு ஓடும் ஊரில் இதன் அருமை தெரியும். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையின் கீழ் இந்தியாவும் 2012-இல் ஹாங்காங், மக்காவ் உட்பட சீனாவை அரசிதழில் அறிவித்திருக்கிறது. ஹாங்காங், சீன நீதிமன்றத் தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் சட்டமும் 2024 ஜனவரி 29-இல் அமலுக்கு வந்துவிட்டது.

சிறு தொகைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. சில லட்சம் ரூபாய்ச் சரக்கு என்றால், சீன மொழியில் ஒப்பந்தம், சிவப்பு முத்திரை, தொழிற்சாலை இருக்கும் ஊர் நீதிமன்றம் என்று எழுதுவதே மேல். கேட்க வினோதமாக இருக்கலாம். ஆனால் பணம் இருக்கும் ஊரில் கிடைக்கும் தீர்ப்புக்குத்தான் பல் உண்டு.

படி 9: பெயரைக் காப்பாற்றுவது

வணிகச் சின்னத்தை இரண்டு கரையிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். சீனாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. நீங்கள் இருபது வருடமாக விற்கும் பெயரை உங்கள் சப்ளையரே பதிந்துவிட்டால், ஏற்றுமதியாகும் உங்கள் சரக்கையே சுங்கத்தில் நிறுத்த அவரால் முடியும். மாதிரிப் பொருளை அனுப்பும் முன் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.

படி 10: கோடு எங்கே மங்குகிறது?

ஹாங்காங்கின் இறுதித் தீர்ப்பு அதன் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்துடையது. ஆனால் அடிப்படைச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் 158-ஆம் பிரிவின்படி பெய்ஜிங்கில் உள்ள தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவிடம். 1999-இலேயே முதன்முறையாக அதைப் பயன்படுத்தினார்கள். 2020 ஜூன் 30-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் மூன்றாம் இணைப்பு வழியாக வந்தது; 2024 மார்ச்சில் ஹாங்காங்கே இன்னொரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த வெளிநாட்டு நீதிபதிகள் சிலர் விலகினார்கள். அரசியல், ஊடகம், ஆய்வு சார்ந்த வேலை என்றால் இது பெரிய மாற்றம். பித்தான் வாங்கி விற்பவரின் கடன் வழக்கு இன்னும் பழைய மரபின்படியே நடக்கிறது என்பதுதான் என் பார்வை.

அமெரிக்காவுக்கு விற்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஜூலையில் அமெரிக்கா ஹாங்காங்குக்குத் தந்திருந்த தனி அந்தஸ்தை விலக்கியது; அங்கே செய்த பொருளிலும் "சீனா" என்றே மூலம் குறிக்கச் சொல்கிறது. ஹாங்காங் வழியாக அனுப்பினால் தீர்வை குறையும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கிளம்பும் முன் விசாவையும் இதே கேள்வியோடு பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங்கில் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் 14 நாள் விசா இல்லாமல் தங்கலாம். சீனாவுக்கு விசா வேண்டும். குவாங்சோவில் வேலையை முடித்து, ஒரு நாள் ஹாங்காங் வங்கிக்குப் போய்விட்டு ஷென்ஜென்னில் சரக்கு ஏற்றுவதைப் பார்க்கத் திரும்பலாம் என்று திட்டமிட்டால், ஒற்றை நுழைவு விசா லோ வூ பாலத்திலேயே முடிந்துபோகும். விண்ணப்பத்தில் இரட்டை நுழைவு என்று கேட்டு வாங்குங்கள்.